சும்மா இருந்த நேரத்தின் கணக்கு

ஒரு ஆள் வேலை நேரத்தில் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறான் என்று அளந்து, அந்தச் சும்மாவுக்கு இலக்கணமும் வகுத்த சட்டம் நம் நாட்டில் உண்டு. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 130ஆவது பிரிவு அது. பன்னிரண்டு மணி நேர ட்யூட்டியில் பாதியோ அதற்கு மேலோ செயலற்ற நேரமாக இருக்க வேண்டும். அதில் ஒரு முழு மணி நேரமாவது, இல்லாவிட்டால் இரண்டு அரை மணி நேரங்களாவது சேர்ந்தாற்போல் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஊழியர் உடம்பை வருத்தவும் வேண்டாம், தொடர்ந்து கவனம் வைக்கவும் வேண்டாம். இப்படிப்பட்ட வேலைக்கு 'எசென்ஷியலி இன்டர்மிட்டன்ட்' என்று பெயர். எங்களுக்குள் ஈ.ஐ. என்போம்.

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் பக்கத்தில் ஒரு ரயில்வே கேட்டில் ஈ.ஐ. கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டம் எழுதியவர்களோடு எனக்கு ஒரே ஒரு வழக்குத்தான். உடம்பை வருத்த வேண்டாம் என்றார்கள், சரி. கவனமும் வேண்டாம் என்றார்களே, அதுதான் ஒத்துவரவில்லை. அந்தச் சும்மா நேரத்தில்தான் எங்கள் வேலையே இருந்தது. என் வாழ்க்கையில் கிடைத்த ஆறுதலும் அதில்தான் இருந்தது. அதைச் சொல்லுமுன் இந்த வேலை எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ரயிலுக்கும் உறவு பழையது. தென்னிந்தியாவின் முதல் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. தொடக்க நாளில் விட்ட ரயில்களில் ஒன்று திருவள்ளூர் வரை வந்து நின்றது. பார்க்கப் போனவர்கள் எஞ்சினைத்தான் பார்த்திருப்பார்கள். தண்டவாளம் குறுக்கே அறுத்துப்போட்ட வண்டிப்பாதைகளை யார் கவனித்திருப்பார்கள்? ஏரிக்கரையிலிருந்து களத்துக்கு, களத்திலிருந்து சந்தைக்கு என்று காலங்காலமாக மாடு தானே வழி தெரிந்து நடந்த பாதைகள் அவை. அப்படி ஒவ்வொரு பாதை அறுபட்ட இடத்திலும் இனி ஒரு ஆள் வேண்டும்.

இங்கிலாந்தில் அந்த ஆளைச் சட்டம் போட்டே உட்கார வைத்தார்கள். 1839இல் வந்த சட்டம், பொதுச் சாலையைக் கடக்கும் இடத்தில் கேட் போட்டு, திறந்து மூடத் தகுந்த ஆளையும் ரயில் கம்பெனி வைக்க வேண்டும் என்றது. பிரான்சில் பாதை பராமரிப்புத் தொழிலாளியின் மனைவிதான் பெரும்பாலும் கேட்டைப் பார்த்துக்கொண்டாள். நம் நாட்டில் 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 13ஆவது பிரிவு, கேட் வைக்கச் சொல்லவும் அதைத் திறந்து மூட ஆள் போடச் சொல்லவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது.

எங்கள் வடக்குப் பாதை பிறகு வந்தது. 1899இல் சென்னையும் விஜயவாடாவும் இணைந்தபோதுதான் பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாகக் கல்கத்தா பக்கம் நேராக ரயில் ஓடியது. 1908இல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, 1951 ஏப்ரல் 14 முதல் தெற்கு ரயில்வே என்று முதலாளிகளின் பெயர்கள் மாறின. கேட்டில் இருந்தவனுக்கு மாறாதது ஒன்று: சுற்றி வயல், நடுவில் ஒரு அறை, அதில் ஒரு ஆள்.

அந்த ஆள் எத்தனை மணி நேரம் இருக்கலாம் என்பதற்கு வெகுநாள் வரம்பே இல்லை. முதல் உலகப்போருக்குப் பிறகு, 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு வேலை நேர ஒப்பந்தம் ஒன்றை ஏற்றது. அதை ஒட்டி 1930இல் இங்கே ரயில்வே சட்டம் திருத்தப்பட்டது. தொடர்ந்து வேலை உள்ளவர்களுக்கு வாரம் 60 மணி. எங்களைப் போன்றவர்களுக்கு 84. அதாவது ஏழு நாளும் பன்னிரண்டு மணி நேரம். நீதிபதி ராஜாத்யக்ஷா 1947இல் கொடுத்த தீர்ப்பில் 84 என்பது 75 ஆயிற்று. 1969இல் அமைத்த மியாபாய் தீர்ப்பாயத்துக்குப் பிறகு 72. நாற்பது சொச்சம் வருடத்தில் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்குச் சலுகை என்ற எண்ணம் அந்தக் கணக்கின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு கேட் ஈ.ஐ.யா, எட்டு மணி நேர ட்யூட்டிக்கு உரியதா என்று முடிவு செய்ய 'ஜாப் அனாலிசிஸ்' எடுப்பார்கள். நோட்டும் கடிகாரமுமாக ஒரு இன்ஸ்பெக்டர் வந்து, 72 மணி நேரம் ஒவ்வொரு அசைவையும் எழுதுவார். போன் எடுத்தது இத்தனை நிமிடம், கேட் மூடியது இத்தனை நிமிடம், மற்றதெல்லாம் 'இன்ஆக்‌ஷன்'. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் தன் காலத்து அனாலிசிஸ் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த மூன்று நாளும் சும்மா இருக்கப் பயந்து, அறை வாசலில் கிடந்த ஜல்லியை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாராம். இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்துவிட்டு, "பெரியவரே, இது ட்யூட்டி லிஸ்ட்ல இல்லீங்களே" என்று 'இன்ஆக்‌ஷன்' பத்தியிலேயே எழுதிவிட்டாராம்.

இன்னொரு கணக்கும் உண்டு, டி.வி.யு. ஒரு நாளில் போகும் ரயில்களின் எண்ணிக்கையை, கேட்டைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள். நடந்து போகிறவர்களுக்கு அதில் இடமில்லை. கேட்டில் என்னோடு நின்று பேசிய மனிதர்களில் பாதிப் பேர் நடந்து போகிறவர்கள்தான். ரயில்வே கணக்கில் அவர்களும் இல்லை, அவர்களோடு நான் பேசிய நேரமும் இல்லை.

சரி, அந்த இன்ஆக்‌ஷனில் என்னதான் இருந்தது?

முதலில் பள்ளம். சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில், ஓடும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் செக் ரெயில் என்று இன்னொன்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சக்கரத்தின் விளிம்பு போக ஒரு குறுகலான பள்ளம். லாரி போகும்போது அதில் மண், ஜல்லி, வைக்கோல் எல்லாம் விழும். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பழைய இரும்பு ஏற்றிப் போகும் லாரி என்றால் போல்ட், தகடு, ஆணி. ஒரு சின்ன இரும்புத்துண்டு அங்கே இறுகிவிட்டால் வேகமாக வரும் சக்கரம் ஏறிவிடலாம். அதனால் கையில் ஒரு வளைந்த கம்பியோடு குனிந்து பள்ளத்தைச் சுரண்டிக்கொண்டே போவோம். பெரிய வேலை இல்லை. ஆனால் இரவு மூன்று மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அதைச் செய்யும்போது பார்க்க ஒருவரும் இல்லை, செய்யாமல் விட்டாலும் கேட்க ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் கை தானாகச் சுரண்டும், மனம் ஒரு இடத்தில் நிற்கும். வீட்டில் சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி நின்றதில்லை.

அடுத்தது காது. போன் மணி அடித்தால்தான் ரயில் வருகிறது என்று அர்த்தம் என்பது விதி. ஆனால் மணியை மட்டும் நம்பி உட்காருகிறவன் நல்ல கேட் கீப்பர் இல்லை. மழைக்காலத்தில் பாதையோரப் பள்ளங்களில் தவளை கத்தும். ரயில் போனால் அவை நிறுத்தாது, பழகிவிட்டது. ஆள் நடந்தால் நிறுத்தும். கோடையில் ஆள்காட்டிக் குருவி ஜல்லியிலேயே முட்டை வைக்கும். முட்டைக்கும் ஜல்லிக்கும் வித்தியாசம் தெரியாது. இருட்டில் அது கத்தி எழுந்தால், யாரோ தண்டவாளத்தில் வருகிறார்கள். குடித்துவிட்டு வருகிறவராக இருக்கலாம், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வருகிறவராக இருக்கலாம். டார்ச்சை அடித்து, "யாருப்பா அது, இப்படி வா, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவோம். பாதிப் பேருக்கு அந்த ஒரு சொம்புத் தண்ணீரே போதும், திரும்பி ஊருக்குள் போய்விடுவார்கள். இந்தப் பக்கம் எல்லை ஊர் என்பதால் சிலரிடம் தெலுங்கில் பேச வேண்டும். "அன்னா, இக்கட ரண்டி", அதாவது அண்ணா இங்கே வாங்க என்பது, நான் அதிகம் சொன்ன தெலுங்கு வாக்கியம்.

மூன்றாவது கண். ரயில் போகும்போது கேட் கீப்பர் அறைக்குள் இருக்கக் கூடாது. வெளியே நின்று முழு வண்டியையும் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்தபடி ஓடுகிறதா, சக்கரத்தில் பொறி பறக்கிறதா, எங்காவது ஏதாவது தொங்குகிறதா, எண்ணெய் கருகும் வாடை வருகிறதா. கடைசிப் பெட்டியில் எல்.வி. பலகையோ, இரவானால் சிவப்பு விளக்கோ இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி நடுவில் அறுந்து பாதி எங்கோ நிற்கிறது என்று பொருள். பகலில் கொடி, இரவில் பச்சை விளக்கு காட்டுவோம். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டும் பச்சை விளக்கை ஆட்டுவார். 2022 ஜனவரியில் அவர் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றினார்கள், எனக்கு அவர் கார்டுதான். வண்டியின் கடைசியில் தனியாக அவர், வயலின் நடுவில் தனியாக நான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கடைசி வரை பார்த்துவிட்டேன், எல்லாம் சரி என்று நான் காட்ட, தெரிந்தது என்று அவர் காட்டிப் போவார். அதற்கு மேல் உறவு தேவைப்படவில்லை.

என் மனைவி இறந்த வருடம் இதையெல்லாம் வேறு விதமாக உணர்ந்தேன். வீடு நிறைய சொந்தக்காரர்கள். பேசாமல் இருந்தால் உடைந்துபோவேன் என்று நினைத்து யாராவது பக்கத்திலேயே இருந்தார்கள். எப்படி நடந்தது, எந்த ஆஸ்பத்திரி, கடைசியாக என்ன சொன்னாள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்போது அவர்கள் அழுவார்கள், நான் தேற்ற வேண்டும். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லியே களைத்துப்போனேன். லீவு மிச்சம் இருந்தும் ட்யூட்டிக்குக் கிளம்பினேன். "கொஞ்ச நாள் வீட்ல இருடா, மனுசாளோட இரு" என்று என் அக்கா தடுத்தாள். "வேலைக்குப் போனாத்தான் அக்கா தாங்கும்" என்று வந்துவிட்டேன்.

அப்போது எங்கள் கேட்டில் போனும் பிரைவேட் நம்பரும்தான். ரயில் புறப்படுமுன் ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிடுவார். கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, மூடியாயிற்று என்பதற்கு அடையாளமாக என் தாளில் வரிசையில் அடுத்து இருக்கும் இரண்டு இலக்க எண்ணைச் சொல்வேன். அவர் தன் எண்ணைச் சொல்வார். இருவரும் நேரத்தோடு எழுதிக்கொள்வோம். "நாற்பத்தி ஏழு." "அறுபத்தி ரெண்டு." அவ்வளவுதான் பேச்சு. அந்த நாட்களில் ஒரு மனிதக் குரலிடமிருந்து என்னால் தாங்க முடிந்தது அந்த அளவுதான். கேள்வி இல்லை, இரக்கம் இல்லை. ஆனால் என் எண்ணை நம்பி அந்தப் பக்கத்தில் ஒருவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை அனுப்புகிறார். நான் தேவைப்படுகிறேன், ஆனால் யாரும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. தனிமையில் ஆறுதல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் என்று சொல்வேன். காசி ராமேஸ்வரம் போய் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

அமைதி என்றதும் அங்கே சத்தமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தெற்கே சிப்காட் வளர வளர ரோலிங் மில்களின் வெளிச்சம் இரவெல்லாம் வானத்தைச் சிவப்பாக்கியது. ஷிஃப்ட் விடும் நேரத்தில் பீகார், ஒடிசா பையன்கள் சைக்கிளோடு கேட்டில் குவிவார்கள். "கொஞ்சம் தொறப்பா, கம்பெனி பஸ் போயிடும்" என்று ஊர்க்காரர்கள் கெஞ்சுவார்கள், பிறகு திட்டுவார்கள். மூடிய கேட்டைத் திறந்தால் மூன்று வருடம் வரை, உடைத்தால் ஐந்து வருடம் வரை சிறை என்று சட்டத்தின் 160ஆவது பிரிவு சொல்கிறது. அதை யாரிடம் சொல்ல முடியும்? வடகிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் பையன்கள் பாதையோரத்தில் ஏறி நிற்பார்கள், அவர்களை விரட்டுவதே பெரும் பாடு. முதலில் வெளிச்சம், கொஞ்சம் கழித்துத்தான் உறுமல், ஜன்னல் கம்பி அதிரும். அந்த உறுமலுக்கு நடுவிலும் போன் மணி கேட்கிறதா என்று காது தனியாக ஒரு பக்கம் நின்றுகொண்டிருக்கும். சத்தம் ஓய்ந்த பிறகு வருவது மட்டும் அமைதி இல்லை. சத்தத்துக்குள்ளேயும் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்திருப்பது அமைதி.

ஆனால் இதை அழகாகச் சொல்லி முடித்துவிட்டால் அது பொய்யாகிவிடும். இந்த அமைதிக்கு அளவு உண்டு. எட்டாவது மணி வரை அது துணை. பத்தாவது மணியில் அதுவே எதிரி. கண் திறந்தபடியே தூங்குவது எப்படி என்று கேட் கீப்பர்களுக்குத் தெரியும். பெண்கள் இந்த வேலைக்கு வந்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. 2023 பிப்ரவரியில் தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரம் பக்கத்தில் இரவுப் பணியில் இருந்த பெண் கேட் கீப்பர் தாக்கப்பட்டார். எனக்கு நிம்மதி தந்த அதே வயல்வெளி, அதே இருட்டு, அவருக்கு வேறாக இருந்தது. தனிமையைப் பற்றிப் பேசும் ஆண்கள் இதை மறந்துவிடுகிறோம்.

ஆளே இல்லாத கேட்டுகளின் கதை இன்னும் கொடுமை. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசம் குஷிநகரில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஆளில்லா கேட்டுகளை ஒழிக்கும் வேலை வேகம் பிடித்து, 2019 ஜனவரிக்குள் அகலப் பாதையில் ஆளில்லா கேட் ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்தது. ஆள் இருந்தால் போதுமா என்ற கேள்வி 2025 ஜூலை 8 அன்று வந்தது. கடலூர் பக்கத்தில் செம்மங்குப்பத்தில் ஆள் உள்ள கேட்டிலேயே பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்ற பூட்டு அங்கே இல்லை, போன் பேச்சையும் எண்ணையும் நம்பி நடந்த கேட். நான் ஆறுதல் கண்ட அதே ஏற்பாடு.

அதன் பிறகு உத்தரவுகள் வந்தன. 20,000 டி.வி.யு.வுக்கு மேல் இருந்தால்தான் சிக்னல் இணைப்பு என்ற வரம்பு 10,000 ஆகக் குறைந்தது. போன் பேச்சின் பதிவைத் தினமும் எடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். கேட்டுகளில் கேமரா வைக்கச் சொன்னார்கள். என்னைக் கேட்டால் மூன்றும் சரி. பூட்டு செய்ய வேண்டியதை மனிதனின் மன உறுதியிடம் விட்டது நெடுநாள் தவறு. பன்னிரண்டு மணி நேரத்தை எட்டாக்குவதும் அதோடு சேர்ந்ததுதான். மேம்பாலமும் சுரங்கப்பாதையும் வர வர இந்த வேலையே ஒருநாள் முடிந்துபோகும். போகட்டும். ஒரு குழந்தையின் உயிருக்கு முன்னால் என் நிம்மதி பெரிதில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கவலை. என் தங்கை மகன் இப்போது அரக்கோணம் பக்கம் ஒரு கேட்டில் இருக்கிறான். எட்டு மணி நேர ட்யூட்டி, சிக்னலோடு இணைந்த கேட். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது கேட்டான்: "மாமா, ரெண்டு வண்டிக்கு நடுவுல சும்மா உக்காந்திருக்கேன். நாளைக்கிக் கேமரா வெச்சா இவன் ஒண்ணும் பண்ணலன்னு நெனைக்க மாட்டாங்களா? எதாச்சும் செஞ்சிட்டே இருக்கணும்போல இருக்கு."

ஜல்லி துடைத்த அண்ணன் ஞாபகத்துக்கு வந்தார். "எதையும் செய்யாதடா" என்றேன். "செல்போனைத் தூரமா வை. பள்ளத்தைச் சுரண்டு, செடிக்குத் தண்ணி ஊத்து, மத்த நேரம் உக்காந்து கேளு. ஆள்காட்டி கத்துதா, தவளை நின்னுச்சா, எந்தப் பக்கத்துலேருந்து நின்னுச்சு, அது தெரியணும். அதுக்குத்தான் சம்பளம்."

"அது எந்த லிஸ்ட்லயும் இல்லையே மாமா."

"1930லேருந்தே இல்ல. நீ கேளு."